ஒருக்கா அணைச்சிப் பாப்பம்

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மூன்றாம் நாளே மச்சான் மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிந்திய பகல் விருந்து. கல்முனை வெயில் உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கூடத்தில் பலர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டுகளைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், தலைக்கு மேல் புதிதாகப் பூட்டிய மின்விசிறிகள், உள்ளறை நிறையப் பெண்கள். எல்லாம் நல்லபடி சுழன்றுகொண்டிருக்க, ஒரே நொடியில் எல்லாம் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நான் நடைக்கு ஓடினேன். அங்கே பட்டுச் சாரனும் வெள்ளைச் சட்டையுமாகப் புதுமாப்பிள்ளை சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன மச்சான், பியூஸ் போயிட்டா?”

“இல்ல தம்பி, நாந்தான். வயர் இழுத்த ஆள் நேத்துத்தான் முடிச்சிட்டுப் போனாராம். ஓடுறத எவனும் காட்டலாம். நிப்பாட்டினாத் திரும்பி வருதா எண்டுதான் பாக்கணும்.”

உள்ளே பெண்கள் பயந்திருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னார்: “ஒத்தரும் பயப்படாதீங்க! எல்லாத்தையும் ஒருக்கா அணைச்சிப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்!”

உள்ளறையில் சிரிப்பு வெடித்தது பாருங்கள், சஹனில் கை வைத்திருந்தவர்கள் சோற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் விளக்கை யாரும் அணைப்பதில்லை, நூர்ப்போம். அணைப்பது பிள்ளையை. அணைப்பது என்றால் கட்டிப்பிடிப்பது. மச்சான் சவூதியில் தமிழ்நாட்டு ஆட்களோடு ஒரே அறையில் இருந்து, விளக்கை அணைக்கப் பழகி வந்திருந்தார். புதுமாப்பிள்ளை எல்லாரையும் அணைத்துப் பார்க்கப் போகிறாராம் என்று கிணற்றடியிலும் வேலியோரத்திலும் கதை பல நாளாக ஓடியது. புதுப்பெண்ணான என் அக்கா, ராத்தாவால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சுவிட்சை மறுபடி போட்டபோது கூடத்து மூலையில் ஒரு விசிறி மட்டும் சுற்றவில்லை. “பாத்தியா?” என்று மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வயர் இழுத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பார்வை. அந்த விசிறிக்குக் கீழே இருந்தவர்கள் கடைசி வரை வியர்வையோடுதான் சாப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுக்கு எழுதியது. புருஷன்தான் வந்து குடியேற வேண்டும். அதனால் இந்த மனிதர் எங்களுக்கு விருந்தாளியாக இல்லை, அன்றாடமாக வந்து சேர்ந்தார். ரேடியோவில் செய்தி வாசிக்கும்போது நூர்ப்பார். தண்ணீர் மோட்டார் ஓடும்போது நூர்ப்பார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கையில் பிளக்கை இழுத்துவிட்டு, ஆறும்வரை காத்திருந்து, மறுபடி போடுவார். நான் பஸ்ஸைத் தவறவிடுவேன்.

உம்மா மருமகனோடு நேரே கதைக்கமாட்டா. முக்காட்டை இழுத்துவிட்டு, அவர் முன்னால் இருக்கும்போதே என்னைப் பார்த்துக் கேட்பா.

“மகன், மருமகன் சவூதியில என்ன மெஷின் ஓட்டினதாம்?”

“இல்லாத மெஷின்” என்றார் மச்சான், அவரும் என்னைப் பார்த்து.

விளக்கினார். ஓர் அறை நிறைய ஒரேயொரு பெரிய கம்பியூட்டராம். அது தன்னைத்தானே பல கம்பியூட்டர்களாகப் பிரித்துக் காட்டுமாம். கம்பெனியில் ஒவ்வொரு என்ஜினியரும் தன் மேசையில் இருந்துகொண்டு, தனக்கென்று ஒரு முழு மெஷின் இருப்பதாக நினைத்து வேலை செய்வாராம். தேடிப் போனால் அப்படி ஒரு மெஷின் எங்கேயும் கிடையாதாம்.

உம்மா கொஞ்சம் யோசித்தா. “இல்லாத மெஷினுக்கு இரிக்கிற சம்பளமா குடுத்த எண்டு கேளு மகன்.”

மச்சான் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொரு வியாழக்கிழமை பின்னேரமும் பெரிய மெஷினை நிறுத்தி மறுபடி எழுப்புவது அவர் வேலை. எழுப்பிய பிறகு இல்லாத மெஷின் ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து, அதில் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் எழுதி வைக்கிற டிஸ்க்குகளில் தற்காலிகத் தட்டு என்று ஒன்று உண்டாம். பார்வைக்கு மற்றத் தட்டுகளைப் போலவே இருக்கும், எழுதலாம், வாசிக்கலாம். ஆனால் மெஷின் ஒருதரம் நின்றால் அந்தத் தட்டும் போய்விடும். ஒரு சூடான்காரர் அது தெரியாமல் தன் வேலை முழுவதையும் அதிலே எழுதி வைத்திருந்தார்.

“கண்ணுக்கு முன்னால இருந்த, தம்பி. பச்சை பச்சையா எழுத்து. நாந்தான் நிப்பாட்டினன். எழுப்பினாத் தட்டையே காணல்ல. அந்த மனிசன் ஏசவும் இல்ல, கத்தவும் இல்ல. வெறும் திரையப் பாத்துக்கிட்டே இருந்தான்.”

அதைச் சொல்லும்போது மச்சானும் எங்கள் வீட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கியது. மனிதருக்குப் பட்டிருக்கிறது. ஆனால் சூடான்காரருடைய தட்டுக்கும் என்னுடைய இஸ்திரிப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் விளங்கவில்லை.

மெஷின்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ராத்தாவைப் பெண் பேசி வந்தபோது நடந்தது இது. பெரியவர்கள் இருந்து கதைத்து, வாப்பா “சரி” என்று சொல்லி, எல்லோரும் துஆ ஓதி எழும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் மாப்பிள்ளை தனியாகச் சைக்கிளில் வந்து எங்கள் வேலி வாசல் கடப்படியில் நிற்கிறார்.

“மாமா, நேத்துச் சொன்ன சரி, இண்டைக்கும் சரிதானா?”

வாப்பாவுக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்யாணம் அங்கேயே முடிந்திருக்கும். “எண்ட வாய்க்கு நாளைக்கு ஒரு கதையா? இந்த விசரனுக்கா நான் புள்ளையக் குடுக்கிற?” என்று உள்ளே வந்து குதித்தார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற ராத்தாதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. “வாப்பா, மறுதரம் வந்து கேட்ட மாப்புள்ள ஊரில இவர் ஒருத்தர்தான்” என்றா. அந்த ஒரு வார்த்தையில் எங்கள் எல்லோருடைய நிம்மதியும் போனது.

சவூதி உழைப்பில் அவர் வாங்கி வந்திருந்த கம்பியூட்டர் எங்கள் முன்னறையில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் எல்லாம் இல்லை. இரண்டு பிளொப்பி செருகும் வாய்கள், சத்தம் போடும் ஒரு பிரிண்டர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அப்படி ஒன்று வேறு எவரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியாது. கம்பியூட்டர் வகுப்பு என்று போர்டு வைத்தார். வந்த பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்குவார். “எங்க, இப்ப காட்டுங்க பாப்பம்!” ஒரு பிள்ளை அழுதுகொண்டு போனது திரும்பி வரவில்லை. மெல்ல மெல்ல ஒருவருமே வரவில்லை. போர்டு மட்டும் இருந்தது.

நான் உயர்தரம் பாஸாகி, நாட்டுக் குழப்பத்தில் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்ததால் கைகால் பரபரக்க வீட்டில் இருந்த காலம். சும்மா கிடந்த மெஷினைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். நான் தமிழ் படிப்பித்தேன். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, புள்ளிகளை இலக்கமாக்கி ஏற்றினேன். ‘ட’ ஒரு மூச்சில் வந்தது. ‘ப’ வந்தது. ‘ஞ’ மட்டும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஓரிடத்தில் சுழித்தால் இன்னோரிடத்தில் வால் வெளியே வந்தது. பிரிண்டர் முதன்முதலாக ‘கல்முனை’ என்று அடித்த அன்று நான் தெருவில் போன மீன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, “ஓம், கல்முனைதான். அதுக்கென்ன?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மெஷினின் நினைவிலேயே ஒரு பொய்த் தட்டை உண்டாக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. செய்து பார்த்தேன். பிளொப்பியைவிட அவ்வளவு வேகம்! அந்த வேகத்தில் ‘க’ வரிசை முழுவதையும் ஒரே காலையில் திருத்தி முடித்தேன். மச்சான் வந்து எட்டிப் பார்த்தார்.

“இது இரிக்கிற தட்டா, இல்லாத தட்டா?”

“இல்லாததுதான் மச்சான், ஆனா...”

பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ‘க’ முதல் ‘கௌ’ வரை காற்றில் போனது. நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்தார்கள். அவரோ மிகவும் அமைதியாக, “கரண்ட் போயிருந்தாலும் இதான் நடந்திருக்கும் தம்பி” என்றார். சரிதான். அந்த ஒரு தரம் அவர் சொன்னது சரிதான். அதுதான் வினையாகப் போனது. அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த எவராலும் முடியவில்லை.

அந்த நேரம் ராத்தாவின் வயிற்றில் பிள்ளை. வகுப்பு படுத்துவிட்டது. பழைய கம்பெனி திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தது. மச்சான் போக விருப்பம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கல்முனை பஸாரில் அச்சகம் வைத்திருந்த ஒரு ஹாஜியார் நான் அடித்த எழுத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, கல்யாண அழைப்பிதழ் அடிக்க இது தோதுப்படுமா என்று பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பிடித்தால் அவருடைய வேலை முழுவதும் எங்கள் முன்னறைக்கு வரும்.

அடுப்படியில் நின்ற ராத்தா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டா.

“இஞ்ச பாரு. ஹாஜியார் ஓம் எண்டா இவர் இரிப்பார். இல்லாட்டி, புள்ள பொறக்கக்க இவர் கடலுக்கு அங்கால. நீ என்ன செஞ்சாலும் செய், அண்டைக்கு அவர சுவிட்சுக்குக் கிட்ட மட்டும் விடாத.”

“எண்ட தலைய அடகு வெச்சாவது பாக்கிறன் ராத்தா.”

“ஒண்ட தல என்னத்துக்கு? பிளக்கப் புடி, அது மட்டும் காணும்.”

ஹாஜியார் வந்தார். பருத்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசிப்பவர். நான் நாற்காலியைப் பிளக்குக்கு முன்னால் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டேன். ‘நிக்காஹ் அழைப்பிதழ்’ என்று பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று அடித்தது. ஹாஜியார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“மாஷா அல்லாஹ். ‘ழ’வும் வந்திரிக்கே! இத எழுதின ஆரு, நீயா?”

திரைச்சீலைக்குப் பின்னால் ராத்தாவின் வளையல் சத்தம் கேட்டது. முடிந்தது, வென்றுவிட்டோம் என்று நான் நாற்காலியிலிருந்து எழும்பித் தேத்தண்ணீரை எடுத்து நீட்டினேன். அவ்வளவு நேரம் போதும் மச்சானுக்கு.

“ஹாஜியார், நம்பி வாங்கப்போற ஆள் நீங்க. ஒருக்கா அணைச்சிப் பாப்பம்.”

“மச்சான், வேணாம்!”

திரை கறுத்தது. பிறகு மெஷின் ஒரு முனகல் முனகி எழும்பியது. பிளொப்பியில் ஏற்றியிருந்த எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. ஹாஜியார் நெஞ்சில் கை வைத்தார். “அல்ஹம்துலில்லாஹ், வந்திட்டு. வேலையக் கதைப்பம் மகன்.”

“ஒருக்கா வந்த தற்செயலாவும் இரிக்கலாம்” என்றார் மச்சான்.

இரண்டாம் தரமும் வந்தது. ஹாஜியார் சிரித்தார். “ரெண்டு தரம் வந்திட்டே மகன், இனி என்ன?” திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா, வந்தவர் ஆணாயிற்றே என்றும் பாராமல், “காணும்! போதும்!” என்று சத்தம் வைத்தா. மச்சானுடைய காதில் எதுவும் ஏறவில்லை. அவர் முகத்தில் சூடான்காரருடைய அந்த வியாழக்கிழமைப் பின்னேரம் இருந்தது.

மூன்றாம் தரம் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. மெஷினின் முதுகிலிருந்து ஒரு நூல் புகை எழும்பியது. மீன் தீய்ந்தது போல மணம். ஹாஜியார் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வரை பின்வாங்கிவிட்டார்.

மச்சான் பிளொப்பியை உருவிக் கையில் பிடித்து, பெருமையோடு சொன்னார்: “பயப்படாதீங்க ஹாஜியார். எழுத்துக்கு ஒண்டும் ஆகல்ல. எல்லாம் இதில பத்திரமா இரிக்கி.”

“இரிக்கும் மகன், எழுத்து இரிக்கும்” என்றார் ஹாஜியார், செருப்பை மாட்டியபடி. “மெஷின் இல்லியே.”

அன்றைக்கு நான் மச்சானோடு கதைக்கவில்லை. ராத்தாவும் கதைக்கவில்லை. உம்மா மட்டும் என்னைப் பார்த்து, “இப்ப உண்மையா இல்லாத மெஷின் ஆயிட்டு எண்டு சொல்லு மகன்” என்றா. அவர் குனிந்துகொண்டு சோற்றைத் தின்றார். எரிந்துபோன உறுப்பு கொழும்பிலும் கிடைக்கவில்லை. மழை தொடங்கும்போது மச்சான் சவூதிக்குப் போய்விட்டார். மகள் பிறந்தது அவர் போன பிறகு.

அந்தக் காலத்தில் சவூதியிலிருந்து கடிதத்தைவிடக் கெசட்தான் அதிகம் வரும். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். மற்ற வீட்டு ஆண்கள் கெசட்டில் அழுவார்கள், பாடுவார்கள். எங்கள் மச்சானுடையது எப்படி இருக்கும் தெரியுமா? “அஸ்ஸலாமு அலைக்கும்.” டக். “எல்லாரும் சுகமா?” டக். “நான் நல்ல சுகம்.” டக். ஒவ்வொரு வசனத்தையும் பதிந்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, பதிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வசனத்துக்குப் போவார். ஒரு பக்கம் முழுவதும் கேட்டால் தலைக்குள் ஆணி அடித்த மாதிரி இருக்கும். கடைசியில், “இந்தக் கெசட்ட ஒருக்கா நிப்பாட்டி, மறுகாப் போட்டுக் கேளுங்க.” டக்.

ராத்தா கேட்டா. ஏசிக்கொண்டே, தலையில் அடித்துக்கொண்டே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மறுகாவும் மறுகாவும் போட்டா. பிள்ளை கதைக்கத் தொடங்கியபோது, “வாப்பா எங்க?” என்று கேட்டால் ரேடியோப் பெட்டியைக் காட்டி, நாக்கைத் தட்டி, “டக்!” என்று சொல்லும். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே டக் வாப்பா என்று ஆகிவிட்டது.

அவர் திரும்பி வந்தது ஒரு காலை நேரம். கட்டுநாயக்கா விமானநிலையத்திலிருந்து வந்த வேன் எங்கள் கடப்படியில் நின்றது. தாடி வைத்திருந்தார், மெலிந்திருந்தார். நானே ஒரு கணம் ஆளை அடையாளம் மட்டுக்கட்டவில்லை. மகளோ அவரைக் கண்ணால் கண்டதே கிடையாது. ராத்தாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையோடு ஒட்டி நின்றது.

மச்சான் உள்ளே ஒரு கால் வைத்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

பிள்ளை தலையைச் சரித்துக் கேட்டது. பிறகு மெல்ல, “டக்?” என்றது. மறுகணம், “டக் வாப்பா!”

எந்தத் தகப்பனாக இருந்தாலும் ஓடிவந்து தூக்கியிருப்பான். ராத்தா கண்ணைத் துடைக்கத் தொடங்கியிருந்தா. இவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிள்ளையைப் பார்த்தார். பின்னால் ஒரு எட்டு வைத்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

“என்ன செய்றாரு?” என்றா ராத்தா. எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும்.

கதவு தட்டப்பட்டது. திறந்தேன். “அஸ்ஸலாமு அலைக்கும்.”

“டக் வாப்பா!” பிள்ளைக்கு இது விளையாட்டாகிவிட்டது, குதித்துக்கொண்டு சொன்னது.

ஆனாலும் மச்சானுடைய கை, அந்தப் பாழாய்ப்போன கை, மறுபடியும் கதவுப் பிடிக்குப் போனது.

“நில்லுங்க!” ராத்தா முன்னால் வந்து நின்றா. “மூணாந்தரம் பாக்கக் கதவச் சாத்தினீங்கண்டா நான் திறக்க மாட்டன். இது எண்ட வூடு.”

“இல்ல, ரெண்டு தரம் வந்த...”

“மூணாந்தரம்தான் மெஷின் எரிஞ்ச.”

கை கதவை விட்டது. அவர் வாசற்படியிலேயே நின்றார், எதைப் பிடிப்பது என்று தெரியாதவர் மாதிரி.

“இனிப் போறல்லையே?” என்று கேட்டா ராத்தா.

“போறல்ல.”

“நாளைக்கு விடிஞ்சும் கேப்பன்.”

“கேளு” என்றார். பிறகு முழந்தாளிட்டுப் பிள்ளையை அணைத்தார், எங்கள் ஊர்க் கருத்தில். பார்க்கவில்லை, சோதிக்கவில்லை, வெறுமனே அணைத்தார். தாடி குத்தியிருக்க வேண்டும், பிள்ளை நெளிந்தது. தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். உம்மா முக்காட்டுக்குள் அழுதுகொண்டே, “மருமகனுக்குக் குளிர் தண்ணி குடு மகன்” என்றா.

தன் வாப்பாவின் தோளில் ஏறிய பிள்ளைக்கு அன்றுதான் முதன்முதலாகச் சுவரில் இருந்த சுவிட்சு எட்டியது. சுற்றிப் பார்த்தது. கையை நீட்டியது. டக்.

கூடத்து விசிறிகள் எல்லாம் நின்றன. “யா அல்லாஹ், இதுவுமா!” என்று ராத்தா தலையில் கை வைத்தா. மச்சான் சுவிட்சைப் போடவில்லை, பிள்ளையையும் தடுக்கவில்லை. அந்த வெயிலில் நாங்கள் எல்லோரும் வியர்த்து வழிந்தபடி, திரும்பிச் சுற்றுமா என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றோம்.